ஜெனரேட்டரை யார் பின்னால் வைத்தது

உன் டிரெய்லரின் இரண்டு இரும்புக் கம்பிகளும் என் வீட்டு முன்னறையில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. நீ இடுப்பில் கட்டுகிற பழைய லோன்ஜி ஒன்றில் சுற்றி உன் வீட்டுக்காரர் நேற்றுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கிரீஸ் நாற்றம் வீடு முழுக்க நிற்கிறது. இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் என் நகக்கண்ணைவிட்டு அது போகவில்லை. அந்த நாற்றத்தோடு உட்கார்ந்துதான் உனக்கு எழுதுகிறேன். பாசத்தில் எழுதுவதாக நினைத்துக்கொள்ளாதே.

நீ செத்து ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. உனக்காக நான் அழவில்லை. சாவு வீட்டுக்கு வந்தேன், மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இடுப்பில் தகடு வைத்ததிலிருந்து என்னால் தரையில் உட்கார முடியாது என்பது உனக்குத் தெரியும். எல்லோரும் உன்னைப் பற்றி நல்லதாகவே பேசினார்கள். "தைரியமான பொம்பளை" என்றார்கள். "கூட இருக்கிறவங்களை எப்பவும் விட்டுக்கொடுக்க மாட்டா" என்று உன் அத்தை மகள் சொன்னாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். கால் வலி என்று நினைத்திருப்பார்கள்.

என்னை ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார வைத்ததே நீதான். அதை மறுக்க மாட்டேன். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு அவருடைய பிக்கப் தின்கன்ஜூனில் எங்கள் வீட்டு வாசலில் இலை விழுந்து மூடிக் கிடந்தது. விற்றுவிடு என்று அவர் அண்ணன் தம்பிகள் வாரம் தவறாமல் வந்து சொன்னார்கள். நீ ஒரு நாள் காலையில் வந்தாய், கையால் கண்ணாடியைத் துடைத்தாய், இடது பக்கம் ஏறிக் கதவைச் சாத்தினாய்.

"எடு" என்றாய்.

"எனக்குக் கேட்டுக்குள்ள முன்ன பின்ன எடுக்கத்தான் தெரியும்."

"முதல்ல கிளம்பு. அப்புறம் பாத்துக்கலாம்."

அதுதான் உன் வாசகம். எதற்கும் அதையே சொல்வாய். நம் பர்மாவில் வண்டிகள் சாலையின் வலது பக்கம் போகின்றன, ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகளுக்கு ஸ்டியரிங்கும் வலது பக்கமே. பஸ்ஸை முந்த வேண்டுமென்றால் எதிரே என்ன வருகிறதென்று ஓட்டுகிறவளுக்குத் தெரியாது. இடது சீட்டில் இருப்பவள் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். நீ பார்த்து "போ" என்பாய். நான் போவேன். உன் வாய் வார்த்தையை நம்பி எத்தனை தடவை எதிர்ப்பக்கத்துக்கு வண்டியை எடுத்திருப்பேன்.

அப்படிப் பழகித்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற ஃபெரி வண்டி ஓட்ட ஆரம்பித்தேன். காலையில் பதினோரு குழந்தைகள், மாலையில் அதே பதினோரு குழந்தைகள். அந்தப் பிக்கப்பின் பின்பக்கம் உட்கார்ந்து போன பிள்ளைகளை வைத்துத்தான் என் மகன் பாலு படித்து முடித்தான்.

டிரெய்லர் உன் யோசனை. கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவள் நீ. கோயில் கல்யாணங்களில் பெண் உடை மாற்ற இடமிருக்காது. நாலு பெண்கள் நாலு பக்கமும் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்க, நடுவில் பெண் வியர்த்து வழிவாள். பழைய வண்டிகள் விற்கும் இடத்தில் ஜப்பானிலிருந்து வந்த சின்ன டிரெய்லர் ஒன்றை நீ பார்த்தாய். உள்ளே ஒரு கட்டில், ஒரு கை கழுவும் தொட்டி. ஊர் சுற்றுகிறவர்கள் தூங்குவதற்காகச் செய்தது. கட்டிலைப் பிடுங்கிப் போட்டு ஆளுயரக் கண்ணாடி வைத்தாய், சேலைக்கு அலமாரி அடித்தாய், சின்ன ஏசி மாட்டினாய். கரண்ட் எந்த நேரம் போகும் எந்த நேரம் வரும் என்று தெரியாத ஊரில் ஏசிக்கு ஜெனரேட்டர் வேண்டுமே, அதையும் வாங்கினாய். சனி ஞாயிறுகளில் என் பிக்கப் அதை இழுத்தது. ஜனங்கள் அதைக் 'கல்யாண வண்டி' என்றார்கள்.

முதல் நாள் ஒரு பந்து விளையாடும் மைதானத்தில் பின்னால் எடுக்கப் பழகினேன். ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தால் டிரெய்லர் இடது பக்கம் போனது. நான் திட்டத் திட்ட அது என்னைக் கேலி செய்வது போல வளைந்தது. நீ சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் புல்லில் உட்கார்ந்துவிட்டாய். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நான் பொய் என்று சொல்லவில்லை.

நம்மைப் பிரித்தது ஜெனரேட்டர். டிரெய்லரின் பின்பக்க வெளித்தட்டில்தான் அது இருக்க வேண்டும் என்றாய். முன்னால் வைத்தால் புகை கதவு வழியாக வந்து பட்டில் ஏறிவிடும் என்றாய். தண்ணீர் டிரம்மையும் பின்னாலேயே வைத்தாய். பின்பாரம் ஏறிய டிரெய்லர் நாய் வாலாட்டுவது போல ஆடும். நான் மெதுவாகச் சொன்னேன், கத்திச் சொன்னேன். ஓடும்போது உள்ளே முன்பக்கம் இருக்கட்டும், மண்டபத்துக்குப் போன பிறகு வெளியே இறக்கி வைப்போம் என்றேன். "இறக்க ரெண்டு ஆள் வேணும். அதுக்கு யாரைத் தேடறது?" என்றாய். நான் முன்னால் மாற்றுவேன், நீ பின்னால் மாற்றுவாய். எத்தனை தடவை என்று கணக்கில்லை.

அப்புறம் எங்கேயோ கேள்விப்பட்டு இந்தக் கம்பிகளை வாங்கிவந்தாய். ஷ்வேப்யிதாவில் பட்டறை வைத்திருக்கும் கோ சோதான் மாட்டிக் கொடுத்தார். இழுக்கிற வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவில் உள்ள கொக்கியில் இரண்டு கம்பிகளின் ஒரு முனை. மறுமுனையைச் சங்கிலியால் டிரெய்லரின் முன் தண்டில் இழுத்துக் கட்ட வேண்டும். கம்பி வில் போல வளைந்து இறுகும்போது, கொக்கியின் மேல் அழுத்துகிற பாரம் பிக்கப்பின் பின்சக்கரத்தோடு நிற்காமல் முன்சக்கரத்துக்கும் டிரெய்லர் சக்கரத்துக்கும் பிரிந்து போகும். கோ சோ பொறுமையாக விளக்கினார். கடைசியில் அக்கா என்று பர்மியில் கூப்பிட்டு ஒன்று சொன்னார்.

"அமா, இந்தக் கம்பி முன்பாரத்தைத்தான் பங்கு போடும். பின்பாரத்துக்கு இது மருந்து இல்லை. முன் தண்டை ஒற்றைக் கையால் தூக்க முடிந்தால் அந்த வண்டியை ஓட்டாதீங்க."

அதை அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். உன்னைப் பார்த்து யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள். நீ அதற்குள் பட்டறை வாசலில் நின்று, "கம்பி போட்டாச்சு, இனி ஆடாது" என்று யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாய்.

பெகு ஊரில் நாம் போகவிருந்த கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் உன் வீட்டுக்கு வந்தேன். பலகையைச் சாய்த்து ஜெனரேட்டரைப் பின்தட்டிலிருந்து உருட்டி இறக்கினேன், பக்கத்துக் கதவு வழியாக இழுத்து ஏற்றி, சக்கரத்துக்கு முன்னால் கண்ணாடிக்கு அடியில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினேன். தண்ணீர் டிரம்மைக் காலி செய்தேன். நீ வீட்டில் இல்லை. இது அத்தனையும் எனக்கு ஞாபகம் இருந்தது. கயிறு உள்ளங்கையில் இழுத்த கோடுகூட ஞாபகம் இருந்தது.

மறுநாள் காலையில் நான் வந்தபோது நீ டிரெய்லரைக் கொக்கியில் மாட்டி முடித்திருந்தாய். கம்பிகளும் சங்கிலியில் தொங்கின.

"எல்லாம் மாட்டிட்டேன். நீ ஏறு. பொண்ணு காத்துக்கிட்டிருக்கு."

நான் பின்னால் போய்ப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து பார்க்கவில்லை. தண்டைத் தூக்கிப் பார்க்கவில்லை. அது என் தப்பு. என் பங்கு அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு துளியும் நான் ஏற்க மாட்டேன்.

பெகு ரோட்டில் ஒரு பாலம் இறங்கும்போது எதிரே வந்த பஸ் ஒன்று காற்றை அடித்துக்கொண்டு போனது. டிரெய்லர் ஒரு தடவை ஆடியது. என் பிக்கப்பின் பின்பக்கம் லேசாகத் தூக்கியது போலிருந்தது. பாரம் பின்னால் இருக்கிறது என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். முள் அறுபதைத் தாண்டவில்லை. நீ "பிரேக்! பிரேக் போடு!" என்று அலறி ஸ்டியரிங்கைப் பிடித்தாய். ஆம், பிடித்தாய். இரண்டாவது ஆட்டம் பெரிதாக இருந்தது. மூன்றாவது ஆட்டத்தில் டிரெய்லர் நம்மைச் சுற்றி இழுத்துச் சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தில் கொண்டுபோய் வைத்தது. மரம் என் பக்கம். உனக்குக் கண்ணாடி வளையல் உடைந்து கையில் கீறல்.

பெண் வீட்டார் வந்து சேர்ந்தபோது நான் இன்னும் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் சிக்கிக் கிடந்தேன். எனக்கு நினைவு இருந்தது. நீ சொன்னது என் காதில் விழுந்தது.

"பஸ்ஸோட போட்டி போட்டா. நான் சொல்லச் சொல்லக் கேக்கல."

ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து பாதி தெளிந்திருந்தபோது நீ என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பாலுவிடம் பேசிக்கொண்டிருந்தாய். "உங்கம்மாவுக்கு வயசாயிடுச்சுப்பா. கை நிதானமில்ல. நான் வெளியில சொல்லல, நீயா பாத்து வண்டிய நிறுத்திடு." எனக்கு அப்போது ஐம்பத்தொன்று. உனக்கு ஐம்பத்து மூன்று.

பேச்சு வந்ததும் உன்னிடம் கேட்டேன். "ஜெனரேட்டர் எங்க இருந்துச்சு?"

"பின்னாலதான். எப்பவும் போல."

"நான் முந்தின நாள் முன்னால மாத்தினேன்."

நீ என் தலையைத் தடவினாய். "மாத்தணும் மாத்தணும்னு சொல்லிட்டே இருந்த. மாத்தல. மறந்துட்ட. பரவாயில்ல விடு, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அந்தக் கையை நான் தட்டிவிட்டிருக்க வேண்டும். தட்டிவிடவில்லை. ஏனென்றால் நீ சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எத்தனையோ தடவை மாற்றியிருக்கிறேன் அல்லவா? உள்ளங்கையில் கயிறு இழுத்தது அதற்கு முந்தைய வாரமோ? டிரம்மைக் காலி செய்தது வேறு கல்யாணத்துக்கோ? நீ என் இடுப்பை உடைத்ததைக்கூட ஒரு பக்கம் வைக்கிறேன். என் ஞாபகத்தை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய். ஆறு வருடம் அடுப்பை அணைத்துவிட்டேனா என்று இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்க்கிற மனுஷியாக இருந்தேன்.

குழந்தைகள் ஒவ்வொருவராக ஃபெரியிலிருந்து நின்றார்கள். "இனிமே அவங்க மாமா கூட்டிட்டுப் போறாராம்" என்றார்கள் தாய்மார்கள். "பக்கத்துல வேற பள்ளிக்கூடம் பாத்திருக்கோம்" என்றார்கள். யாரும் என் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லவில்லை. பாலு பிக்கப்பைப் பழுது பார்த்து விற்றான். சாவியை என் கையிலிருந்து வாங்கும்போது பர்மியில் பேசினான். கஷ்டமான விஷயத்தை அவன் என்னிடம் தமிழில் பேசமாட்டான். "அமே, இனி ஓட்ட வேண்டாம். யாராவது குழந்தை செத்திருந்தால்?" என்றான். நான் பெற்றவன், என் வாயைக் கேட்கவில்லை, உன் வாயைக் கேட்டான்.

மூன்று வருடமாக நான் மறுபடியும் ஓட்டுகிறேன். க்யிம்யிண்டைங் படித்துறையில் மீனுக்கு ஐஸ் ஏற்றுகிற வண்டி. என்னை நம்பிக் குழந்தைகளை ஏற்ற மாட்டார்கள். ஐஸ் கட்டிக்கு அப்பா அம்மா கிடையாது, அதனால் அது என்னோடு வருகிறது.

நீ படுத்துவிட்டாய் என்று கேள்விப்பட்டு ஒரே ஒரு தடவை வந்தேன். உனக்குத் தெரியும், எதற்கு வந்தேன் என்று. உன் வீட்டுக்காரரை வெளியே அனுப்பினாய். இப்போது சொல்லப் போகிறாய் என்று நினைத்தேன். நீ வெகுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் கண்ணைச் சுருக்கினாய்.

"அந்த ஜன்னலைச் சாத்து. வெயில் மூஞ்சில அடிக்குது."

நான் சாத்தினேன். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது.

போன வாரம் உன் வீட்டுக்காரர் படித்துறைக்கே வந்து நின்றார். ஐஸ் இறக்கி முடிக்கும்வரை ஓரமாக நின்றுகொண்டிருந்தார். உன் மகள் செல்விக்குக் கல்யாணம் என்றார். மாப்பிள்ளை வீடு பெகு. அம்மாவின் கல்யாண வண்டியில்தான் உடுத்துவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாளாம். அடிபட்ட டிரெய்லரை நீ எப்போதோ தகடு தட்டி, சக்கரம் மாற்றி, கோ சோ பட்டறைக் கொட்டகையில் போட்டு வைத்திருந்தாய். இழுக்க ஆள் இல்லை. அவருடைய அக்காள் மகனின் டபுள் கேப் பிக்கப் இருக்கிறது, அவனுக்கு டிரெய்லரோடு ஓட்டத் தெரியாது.

"தங்கச்சி, கேக்க எனக்கு மூஞ்சி இல்ல. ஆனா செல்வி கேக்கச் சொல்லிச்சு."

செல்வி என்னைச் சின்னம்மா என்று கூப்பிடுகிறவள். ஆஸ்பத்திரிக்கு உனக்குத் தெரியாமல் இரண்டு தடவை வந்தவள். "பாரம் ஏத்துறது நான், மாட்டுறது நான், ஓட்டுறது நான். வேற யார் கையும் படக்கூடாதுன்னா வரேன்" என்றேன். தலையை ஆட்டினார்.

புதன்கிழமை காலை ஷ்வேப்யிதா போனோம். கோ சோ தலை நரைத்துவிட்டார். பட்டறையின் சமதளமான சிமெண்டுத் தரையில் டபுள் கேப்பை நிறுத்தச் சொன்னேன். டிரெய்லர் மாட்டாமல் தரையிலிருந்து முன்சக்கரத்துக்கு மேலே மட்கார்டு வரைக்கும் டேப் பிடித்து அளந்தேன். முப்பத்து நாலு அங்குலம். சாக்கட்டியால் கதவிலேயே எழுதினேன். பழைய சங்கிலிக் கணக்கு இதற்குச் செல்லாது. வேறு வண்டி, வேறு உயரம். எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

பிறகு பாரம். கண்ணாடி இருந்த இடத்திலேயே இருந்தது. சேலைப் பெட்டிகளைச் சக்கரத்துக்கு முன்னால் தள்ளினேன். டிரம் காலி. ஜெனரேட்டர் பட்டறைத் தரையில் கிடந்தது, அதன் சக்கரங்கள் துருப்பிடித்து ஓடவில்லை. தூக்கத்தான் வேண்டும். யார் கையும் படக்கூடாது என்று சொல்லியிருந்தாலும் என் இடுப்பு இதற்கு ஆகாது. கோ சோ ஒரு பக்கமும் உன் வீட்டுக்காரர் ஒரு பக்கமும் பிடித்தார்கள். கதவுப் படியில் வைத்ததும் உன் வீட்டுக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

"அன்னைக்குப் பின்னால தூக்கி வச்சப்ப இவ்வளவு கனம் தெரியல."

கோ சோவுக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரியும்.

"என்னைக்கு, அண்ணே?"

அவர் கை ஜெனரேட்டரிலேயே இருந்தது.

"என்னைக்குன்னு கேக்கறேன்."

அங்கே கிடந்த பழைய டயரில் உட்கார்ந்துவிட்டார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அன்று விடியும்போது நீ அவரை எழுப்பினாயாம். ஜெனரேட்டரைப் பின்னால் மாற்றத் தனியாக முடியவில்லை, பிடி என்றாயாம். அவகிட்டச் சொல்ல வேண்டாமா என்று அவர் கேட்டாராம். சொன்னால் மறுபடியும் முன்னால் வைப்பாள், நேரம் போகும் என்றாயாம். டிரம்மிலும் நீதான் தண்ணீர் பிடித்தாய்.

"ஆறு வருஷம்" என்றேன்.

"அவ சொல்லாதன்னா. அப்புறம் அவளுக்கே முடியாம போச்சு. அப்புறம்... எப்படிச் சொல்றதுன்னு தெரியல, தங்கச்சி."

நான் அவரை அடித்திருப்பேன். கையில் ஸ்பேனர் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் எனக்குள் வந்தது கோபம் மட்டும் இல்லை, அதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. சந்தோஷம். கயிறு இழுத்தது உண்மை. டிரம்மைக் கவிழ்த்தது உண்மை. அந்த மத்தியானம் என்னுடையது. நான் பைத்தியம் இல்லை.

"பாலுவுக்குப் போன் போடுங்க" என்றேன். "இப்பவே. ஸ்பீக்கர்ல."

"இப்ப வேலையில இருப்பானே..."

"இருக்கட்டும்."

பாலு அங்கேயே, ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் ஃபேக்டரியில் மேற்பார்வை பார்க்கிறான். போனுக்குள் நூற்றுக்கணக்கான மெஷின்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. உன் வீட்டுக்காரர் சொன்னார். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது, முதல் தடவை சத்தத்தில் கேட்கவில்லை. இரண்டாவது தடவை கத்திச் சொன்னார். "உங்கம்மா மேல தப்பில்லப்பா! பின்னால வச்சது நாங்கதான்! உங்கம்மா வேகமாப் போகல!" பட்டறைக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

பாலு எங்கேயோ வெளியே வந்திருக்க வேண்டும், மெஷின் சத்தம் குறைந்தது.

"அமே" என்றான்.

"சொல்லு."

"நீங்க இப்ப அந்த டிரெய்லரையா இழுக்கப் போறீங்க?"

"ஆமா."

அப்புறம் பர்மியில் சொன்னான், "ஃப்யே ப்யே மௌங், அமே." மெதுவா ஓட்டும்மா என்று.

அவனை நான் குற்றம் சொல்லவில்லை. ஆறு வருடம் நாக்கில் ஊறிய வார்த்தை, உண்மை தெரிந்த பிறகும் அதுதான் முதலில் வருகிறது. அன்று சாயங்காலம் அவன் என் வீட்டுக்கு வந்தான், என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஆனால் போனில் அவன் சொன்ன அந்த வார்த்தை இருக்கிறதே, அது உன் வேலை. உண்மை வந்து சேர்ந்த இடத்தில் உன் பொய் ஏற்கெனவே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

போனை வைத்ததும் உன் வீட்டுக்காரர் கேட்டார், "செல்விகிட்ட மட்டும் இதைச் சொல்ல வேணாம், தங்கச்சி. கல்யாணப் பொண்ணு."

"வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றேன். "எனக்காக நீங்க ஒரு நாள் வாயைத் திறந்திருந்தா உங்களுக்காக நான் மூடியிருப்பேன்."

வேலையை முடித்தேன். முன் தண்டை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை. நல்லது. கம்பி போடாமல் டிரெய்லரைக் கொக்கியில் இறக்கினேன். டபுள் கேப்பின் பின்பக்கம் அமுங்கியது, முன்மட்கார்டு முப்பத்தைந்தேகால் அங்குலத்துக்கு எழும்பியது. முன்சக்கரம் அப்படி லேசானால் ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேட்காது, பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. ஜாக்கி வைத்துத் தண்டையும் வண்டியின் பின்பக்கத்தையும் சேர்த்து உயர்த்தினேன், கம்பிகளின் சங்கிலியை நாலாவது கண்ணியில் மாட்டி இறக்கிப் பார்த்தேன். முப்பத்து நாலே முக்கால். போதாது. மறுபடியும் ஜாக்கி, இன்னும் ஒரு கண்ணி இழுத்து மாட்டினேன். முப்பத்து நாலேகால். கோ சோ குனிந்து டேப்பைப் பார்த்தார், கட்டைவிரலைக் காட்டினார். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையா என்று பார்த்தேன். பட்டறையைச் சுற்றித் தெருவில் ஒரு மைல் ஓட்டிவிட்டு வந்து எல்லாவற்றையும் மறுபடி இறுக்கினேன்.

இவ்வளவுதான். ஒரு காலைப் பொழுது. உன்னிடம் நான் கேட்டதும் இவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை பெகுவுக்குப் போனோம். பக்கத்துச் சீட்டில் உன் வீட்டுக்காரர். பின்சீட்டில் செல்வி தலையில் எண்ணெய் வைத்துச் சுருட்டிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பாலத்தில் இறங்கும்போது எதிரே பஸ்கள் வந்தன. டிரெய்லர் ஒரு கோட்டில் என் பின்னால் வந்தது. மரம் இன்னும் இருக்கிறது. பட்டை உரிந்த இடம் கறுத்து ஆறியிருக்கிறது. நான் நிறுத்தவில்லை.

மண்டபத்து வாசலில் டிரெய்லரை நிறுத்தி, ஜெனரேட்டரை நாலடி தள்ளி இறக்கி வைத்தோம். தூக்க வந்தவர்கள் ஆறு பேர். இரண்டு ஆளுக்கு எங்கே போவது என்று கேட்டாயே, கல்யாண வீட்டில் ஆளுக்குப் பஞ்சமா? உள்ளே ஏசி ஓடியது. அலங்காரத்துக்கு வந்த பெண் வேலையை முடித்துவிட்டு வெளியே போனதும் செல்வி கதவைச் சாத்தினாள். கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"சின்னம்மா, இன்னைக்கு அந்தப் பாலத்துல நீங்க எவ்வளவு மெதுவாப் போனீங்க. அன்னைக்கு நிஜமாவே வேகமாப் போனீங்களா?"

ஆறு வருடத்தில் என்னிடம் நேராகக் கேட்ட முதல் ஆள் உன் மகள். பெற்ற மகன் கேட்கவில்லை, பதினோரு குழந்தைகளின் தாய்மார்கள் கேட்கவில்லை. என் வாய் வரைக்கும் எல்லாம் வந்தது. விடியற்காலையில் நீ புருஷனை எழுப்பியது, தண்ணீர் பிடித்தது, என் தலையைத் தடவியது, ஜன்னலைச் சாத்தச் சொன்னது. வெளியே மேளக்காரர்கள் சுதி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல" என்றேன். "நான் வேகமாப் போகல."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "அப்ப அம்மா ஏன் அப்படிச் சொன்னாங்க?"

"உங்கம்மா பயந்துட்டா."

"அம்மாவா?"

"ஆமா. பயந்தா அவ என்ன செய்வான்னு உனக்குத் தெரியாதா?"

செல்வியின் கையில் மருதாணி சிவந்திருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பக்கத்துல இருக்கிறவங்க மேல போடுவாங்க" என்றாள் மெதுவாக. "எம்மேலயும் போட்டிருக்காங்க."

கண்ணில் நீர் நின்றது. மை கரையாமல் நான் முந்தானை நுனியால் ஒற்றி எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேலே எதுவும் கேட்கவில்லை. மீதியை அவள் என்றாவது கேட்டால் சொல்வேன். அவள் அப்பாவுக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை, உனக்கும் கொடுக்கவில்லை.

நீ பயந்துவிட்டாய் என்று நான் அதுவரை நினைத்ததே இல்லை. கெட்டவள் என்றுதான் நினைத்திருந்தேன். அவளுக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது அது தானாக வந்துவிட்டது, வந்த பிறகு அது உண்மையாகவும் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. கெட்டவளை வெறுப்பது சுலபம். இப்போது பயந்துபோன ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது, உடைந்த இடுப்போடு. உன்னை நான் மன்னிக்கவில்லை. இறக்கி வைக்கவும் இடம் தெரியவில்லை.